செட்டிநாடு போய்க் கஞ்சி குடித்த கதை

17 ஏப்ரல் 2025, பெரிய வியாழன்

செட்டிநாட்டுக்குப் போகிறேன் என்றதும் அலுவலகத்தில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த மெஸ்ஸில் சாப்பிடப் போறீங்க? நானும் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். காரைக்குடியில் இரண்டு, தேவகோட்டையில் ஒன்று. கல்யாணமாகி நாலு வருஷத்தில் மனைவியின் அப்பத்தா வீட்டுக்குப் போவது இதுதான் முதல் தடவை. அதுவும் ஈஸ்டருக்கு. நான் கோயம்புத்தூர்க்காரன், வீட்டில் மருதமலை முருகன் காலண்டர் தொங்கும். ஈஸ்டர் என்றால் பிரியாணி என்ற அளவில்தான் என் ஞானம். அந்தப் பிரியாணிக்கு முன்னால் மூன்று நாள் இருக்கிறது என்று மனைவி சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டீர்கள் என்று நினைத்தாளாம். சரியாகத்தான் நினைத்திருக்கிறாள்.

திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் என்று வந்தோம். காரைக்குடி தாண்டியதும் மண் சிவந்துவிட்டது. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுநடுவே பனை, அடிவயிறு தெரிகிற கண்மாய். வெயில் கண்ணைக் கூசியது. தோட்டம் தேவகோட்டையிலிருந்து திருவாடானை போகிற பக்கம். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று அப்பத்தா சொல்லிவிட்டார். "கடன் கேக்குறவன் எவனாச்சும் படிப்பான்."

நாங்கள் போனபோது அவர் களத்தில் நின்றுகொண்டிருந்தார். 81 வயது, வெள்ளைச் சேலை, கழுத்தில் செபமாலை. களம் முழுக்க குண்டு மிளகாய் காய்ந்தது. அந்தச் சிவப்பைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும். கார் கதவு திறந்ததும் அவர் வாங்க என்று சொல்லவில்லை. மனைவியைப் பார்த்து "இருபத்தொண்ணு" என்றார். இரண்டு வயது மகளைப் பார்த்து "இருபத்திரெண்டு." கண்ணாடியை ஏற்றிவிட்டு நான் இறங்கியதும், "இருபத்திமூணு. அம்புட்டுத்தான். வாங்க மாப்ளே."

அப்புறம்தான் தெரிந்தது, அவர் எதையும் எண்ணாமல் விடமாட்டார். தேங்காய், முட்டை, தட்டு, தலையணை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தாத்தா ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவராம். மாதக் கடைசியில் கணக்கு உதைத்தால் இவரிடம்தான் கொண்டுவருவாராம்.

என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, மேலே வெள்ளைத் துண்டு, எதிரே டேபிள் ஃபேன். மாப்பிள்ளை நாற்காலி! வீட்டில் மற்ற 22 பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பெரிய மாமா தென்னந்தோப்பில் வாய்க்கால் கட்ட, சின்ன மாமா தொழுவத்தில், அத்தைகள் ஐந்து பேரும் அடுப்படியில். நான் ஒரு சொம்பை எடுத்து நகர்த்தி வைத்தால்கூட "நீங்க உக்காருங்க மாப்ளே" என்று எங்கிருந்தாவது குரல் வந்தது. இரண்டு மணி நேரத்தில் அந்த ஃபேனின் ஒவ்வொரு இறக்கையையும் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

மதியம் சோறு, வெண்டைக்காய் மண்டி, அப்பளம். அரிசி களைந்த தண்ணீரில் புளி கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகப் போட்டு வைப்பதுதான் மண்டி. எங்கள் ஊரில் மாட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் இப்படி ஒரு சங்கதி இருக்கிறதா என்று ஆச்சரியம். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நாளைக்கு என்ன வெஞ்சனம் என்று கேட்டேன், புதிதாகக் கற்ற சொல்லைப் பழகிப் பார்க்க. அத்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பங்குக் கோயிலில் பூசை. (திருப்பலி என்று மனைவி சொல்கிறாள், பூசை என்று அப்பத்தா சொல்கிறார். நான் அப்பத்தா கட்சி.) இன்றைக்குச் சாமியார் 12 பேருக்குப் பாதம் கழுவுவார். பன்னிரண்டில் ஒருவராகப் பெரிய மாமாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சாமியார் கழுவுவதற்கு முன்னால் அதே பாதத்தைப் பெரிய அத்தை படிகாரமும் தேங்காய் நாரும் போட்டு இரண்டு தடவை தேய்த்திருந்தார். உள்ளே போனது கழுவின கால்தான்.

'உன்னதங்களிலே' பாட்டு முடியும்வரை மணி விடாமல் அடித்தது. அதற்கப்புறம் சனிக்கிழமை நடுராத்திரி வரை மணி கிடையாதாம். மணி அடிக்கவேண்டிய இடத்தில் ஒரு பையன் மரக்கட்டையைத் தட்டினான். டொக் டொக்.

வீட்டுக்கு வரும் வழியில் ஊர்ச் சிற்றாலயத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அப்பத்தா. நாலு பெஞ்சு கொள்ளும் கோயில், மேலே சின்னக் கூண்டில் ஒரு வெண்கல மணி. சாவி அப்பத்தாவின் இடுப்பில். மணிக்கயிற்றைச் சுருட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட வைத்தார். இந்த மணி தோட்டம் வரைக்கும் கேட்குமாம். யாராவது இறந்தால் வயசுக்கு ஒரு அடி. எத்தனை அடி என்று எண்ணியே யார் போனது என்று ஊர் கண்டுபிடித்துவிடும். "எனக்கு இப்ப அடிச்சா எம்பத்தொண்ணு" என்றார், பஸ் நம்பர் சொல்வதுபோல.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

காலையில் காபி கிடையாது. வீட்டுக்குப் பெரியவர்கள் எல்லோரும் ஒருசந்தி, அதாவது ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. டிவி கிடையாது. உரல், அம்மி, சுத்தியல், எதுவும் சத்தம் போடக்கூடாது. கதவைக்கூட மெல்லச் சாத்த வேண்டும். வெள்ளனே எழுந்து ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு வந்து எல்லோருடைய போனையும் வாங்கினார் அப்பத்தா. 14. ஒரு மச்சான் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியதை மறைத்தான். "பதினஞ்சு இருக்கணுமே" என்று அவனைப் பார்த்தார். கொடுத்துவிட்டான்.

"உங்களுக்கு இதெல்லாம் இல்ல மாப்ளே. இட்லி அவிக்கச் சொல்லவா?"

22 பேர் பட்டினி கிடக்கும் வீட்டில் நான் மட்டும் ஃபேன் முன்னால் இட்லி சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தேன். "வேண்டாமுங்க, நானும் இருந்துக்கறேனுங்க" என்றேன். வாண்டுகள் ஓரமாக நின்று "இருந்துக்கறேனுங்க, இருந்துக்கறேனுங்க" என்று பாடிக்கொண்டு போனார்கள். என் கொங்குத் தமிழ் இங்கே பெரிய வேடிக்கை. அப்போது மணி ஏழு. எட்டரைக்கே என் வீரம் வடிந்துவிட்டது.

ஒன்பது மணிக்குச் சிலுவைப்பாதை. 14 நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு இடத்தில் நின்று, முழங்காலிட்டு, பாடி, நகர வேண்டும். ஊரைச் சுற்றித் தார் ரோட்டில், செருப்பில்லாமல். மனைவி செருப்போடு வாருங்கள் என்றாள். அதையும் மறுத்தேன். இன்றைக்கு எனக்கு என்னவோ ஆகியிருந்தது. ஏழாவது நிலையில், ஏசு இரண்டாம் முறை விழும்போது, என் பாதம் வெந்துவிட்டது என்றே நினைத்தேன். பாட்டு நடக்கும்போது நான் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

ரோட்டோரம் ஒரு டீக்கடை. நெற்றியில் பட்டை போட்ட கடைக்காரர் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி வந்து நாங்கள் நிற்கிற இடத்தில் ரோட்டில் ஊற்றினார். ஆவி கிளம்பியது. மறுபடி ஒரு குடம். அப்புறம் எவர்சில்வர் டம்ளரில் நீர்மோர். ஒருசந்திக்காரர்கள் குடிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை, அப்பத்தாவைப் பார்த்தேன். அவர் வாங்கிக் குடித்தார். நானும் குடித்தேன். எவ்வளவுங்க என்று சட்டைப்பையில் கைவிட்டேன். கடைக்காரர் கோபித்துக்கொண்டார். "சாமி போற வழியில காசு வாங்குறதா?" திரும்பி வரும்போது பார்த்தேன், அவர் கடையின் டீ பாய்லர் அணைந்திருந்தது. சிலுவை கடந்து போகும்வரை போட மாட்டாராம், வருஷா வருஷம்.

மூன்று மணிக்குப் பாடுகளின் வழிபாடு. பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை, விளக்கு இல்லை. எல்லோரும் வரிசையில் போய்ச் சிலுவையை முத்தி செய்தார்கள். நானும் மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் முத்தம் கொடுத்துவிட்டு "வலிக்குதா?" என்று கேட்டாள். பின்னால் நின்ற கிழவி ஒருவர் மூக்கைச் சிந்தினார்.

வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி. மூன்று அண்டா. அரிசி, பாசிப்பயறு, வெந்தயம், பூண்டு, கடைசியில் தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். வருகிறவர் யார், எந்தச் சாமி என்றெல்லாம் கேட்பதில்லை. சட்டி கொண்டுவந்தவர்களுக்குச் சட்டி நிறைய. என் பக்கத்தில் பந்தலில் உட்கார்ந்து குடித்தவர் அப்பத்தாவின் பக்கத்துத் தோட்டத்து பாய். "எங்க கஞ்சி முடிஞ்சு மூணு வாரம் ஆகல, அதுக்குள்ள உங்க கஞ்சி வந்துருச்சு" என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்து, "சுருக்காச் சொல்லணும்னா எங்களுதுல ருசி ஜாஸ்தி. ஆனா உங்க துவையல் எங்ககிட்ட இல்ல" என்று நடுநிலைத் தீர்ப்பும் வழங்கினார். நான் ஐந்து கிண்ணம் குடித்தேன். எண்ணியது நானில்லை, அப்பத்தா.

இரவு பத்து மணிக்குப் பசி திரும்பியது. கார் டிக்கியில் ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலம் இருந்தது. இருட்டில் சத்தமில்லாமல் கடிக்கப் பார்த்தேன். முறுக்கைச் சத்தமில்லாமல் கடிக்க இந்த உலகத்தில் எவனாலும் முடியாது. சென்னையிலிருந்து வந்த ஏழு வயது மருமகன் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். பாதிப் பொட்டலம் அவனுக்குப் போனது.

19 ஏப்ரல், சனி

காலையில் ஒரு முன்னேற்றம். "மாப்ள சும்மாதானே இருக்காரு" என்று யாரோ சொல்ல, அப்பத்தா என்னை ஒரு மச்சானோடு ஆத்தங்குடிக்கு அனுப்பினார். முன்கூடத்துத் தரையில் 12 கல் உடைந்திருக்கிறது. மாதிரிக்கு ஒரு துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். காரைக்குடி வழியாகப் போனோம். பழைய சாமான் விற்கிற முனீஸ்வரன் கோயில் தெருப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், மச்சான் ஸ்டீரிங்கைத் திருப்பவே இல்லை. கானாடுகாத்தான் அரண்மனையும் அப்படியே போயிற்று.

ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளை கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமெண்டுக் கூழைக் கரண்டியால் ஊற்றுகிறார் ஒரு அம்மா. பச்சை, மஞ்சள், காவி. அச்சைத் தூக்கினால் வண்ணம் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கிறது, கை அப்படிப் பழகியிருக்கிறது. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி, மட்டம் தட்டி வைத்துவிடுகிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறல். கண்ணாடியிலிருந்து பிரிக்கும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது. பாலிஷ் எதுவும் இல்லை.

எங்கள் துண்டை முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூ இருக்கு. கலர் வராதுங்க. இது நாப்பது வருசம் நடந்த கல்லு. அந்தக் கலரு நடந்துதான் வரணும்." ஒரு கல் 30 ரூபாய். 12 கேட்டோம், 13 கொடுத்தார். ஒன்று எப்படியும் உடையும் என்றார். திரும்பும் வழியில் நுங்குக்கு நிறுத்தினோம். பத்து நுங்கு 100 ரூபாய். வெட்டிக் கொடுத்தவர், கண்ணைத் தோண்டிச் சாப்பிடத் தெரியாமல் சட்டையில் பீய்ச்சிக்கொண்ட என்னைப் பார்த்து, அடுத்த பத்தையும் தானே தோண்டி ஓலையில் வைத்துக் கொடுத்தார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை. வீடு போய்ச் சேர்ந்தபோது கல் 12 இருந்தது. ஒன்று உடைந்திருந்தது.

ஆனால் கல்லை எண்ண அப்பத்தாவுக்கு நேரமில்லை. போர் மோட்டார் காயில் கருகிவிட்டது. காலையில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்ததும் போட்டிருக்கிறார்கள், பத்து நிமிஷம் ஓடி, புகைந்து, நின்றுவிட்டது. 23 பேர், ஆறு மாடு, மாடித் தொட்டியில் முழங்கால் அளவுத் தண்ணீர், ராத்திரி எல்லோரும் குளித்துக் கோயிலுக்குப் போக வேண்டும். தேவகோட்டை மெக்கானிக்குகள் மூன்று பேருக்குப் போன் போட்டார்கள். ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் திங்கள்கிழமை என்றார், மூன்றாமவர் வருகிறேன் என்று சொல்லி வரவில்லை. மூவரில் அவர்மேல்தான் எனக்குக் கோபம்.

தோட்டத்தில் ஒரு பழைய கிணறு உண்டு. கப்பி, கயிறு, வாளி. எங்கோ ஆழத்தில் தண்ணீர் கண்ணாடிச் சில்லுபோல மின்னியது. பெரிய மாமாவுக்கு முதுகுவலி, சின்ன மாமா மெக்கானிக்கைத் தேடிப் போயிருந்தார், மச்சான்கள் இரண்டு பேர் இறைக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். யாரும் உட்காருங்க என்று சொல்லவில்லை.

முதல் பத்து வாளி விளையாட்டு. இருபதாவது வாளியில் உள்ளங்கை எரிந்தது. முப்பதில் கொப்புளம். அப்பத்தா முக்காலியைக் கொண்டுவந்து கிணற்றடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் செய்யவில்லை, எண்ணினார். "முப்பத்தெட்டு. அங்கிட்டு சாஞ்சு இழுக்காத, நேரா நின்னு இழு. முப்பத்தொம்பது. கயித்த வுட்டுறாத." நான் இழுப்பதில் இருந்தேன், வேறெதுவும் கவனிக்கவில்லை. எழுபத்திரண்டாவது வாளியில் வரப்பு வழியாக பாய் வந்தார், தோளில் நீல ஹோஸ் சுருள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கப்பிச் சத்தம் அவர் தோட்டத்துக்குக் கேட்டிருக்கிறது. "எம் மோட்டாரு இருக்கும்போது என்னத்துக்குக் கிணத்தப் போட்டு உருட்டுறீங்க?" தன் போரிலிருந்து எங்கள் தொட்டிக்கு ஹோஸ் இழுத்து, கரண்ட் போகும்வரை ஓட விட்டார். ஒருமணி நேரத்தில் தொட்டி நிறைந்தது. என் 72 வாளி அதில் எந்தப் பக்கம் கரைந்தது என்று தெரியவில்லை.

இரவு 11 மணிக்குப் பாஸ்கா திருவிழிப்பு. கோயிலுக்குள் ஒரு விளக்கும் இல்லை. வாசலில் புது நெருப்பு மூட்டி, ஆளுயரப் பாஸ்கா திரியில் சாமியார் சிலுவை கீறினார், 2025 என்று ஆண்டு குறித்தார். "அகரமும் னகரமும்" என்றார். எங்கேயோ வாசித்ததுபோல் இருந்தது, அப்புறம்தான் உறைத்தது: நம் நெடுங்கணக்கில் கடைசி எழுத்து ன. கிரேக்கத்தில் ஆல்பா, ஒமேகா என்பதைத் தமிழில் இவ்வளவு அழகாகக் கொண்டுவந்தவர் யாரோ, அவர் கைக்கு ஒரு கும்பிடு.

அந்த ஒரு திரியிலிருந்து எல்லோர் கையிலும் திரி ஏறியது. மெழுகு சொட்டி என் வேட்டியில் ஏழு இடத்தில் கறை. அப்புறம் பழைய ஏற்பாட்டு வாசகங்கள், மொத்தம் ஏழு. படைப்பில் நன்றாக விழித்திருந்தேன். ஆபிரகாம் கத்தியை எடுக்கும்போதும் விழித்திருந்தேன். செங்கடல் பிளக்கும்போது நான் இல்லை. திடீரென்று எல்லா விளக்கும் எரிந்து, மணி அலறி, வெளியே வெடி வெடித்தபோது தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். பக்கத்தில் பெரிய மாமாவும் அதே நிலைமையில் எழுந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

முடியும்போது மணி ஒன்றே முக்கால். பாதி நிலா அப்போதுதான் பனைக்கு மேலே வந்திருந்தது. ஊர்ச் சிற்றாலயத்தில் அப்பத்தா முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். வாண்டுகள் ஆள் மாற்றி ஆள் மணியடித்தார்கள். ஊர் நாய்கள் எல்லாம் கூடவே பாடின. வீட்டில் சுடச்சுடக் கந்தரப்பம். நான் எத்தனை சாப்பிட்டேன் என்று யாரும் எண்ணவில்லை, அல்லது எண்ணியும் சொல்லவில்லை.

20 ஏப்ரல், உயிர்ப்பு ஞாயிறு

இன்று ஒன்றுமே நடக்கவில்லை, சாப்பிட்டோம்.

ஊரில் ஐந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, விடியுமுன் வெட்டி, ஓலைப்பாயில் கூறு போட்டார்கள். கடையில் கிலோ 800 ரூபாய் விற்கிற கறி இப்படி வாங்கினால் 600 ரூபாய்க்குக் கட்டுப்படியாகிறதாம். ஈரலும் எலும்பும் எல்லாக் கூறிலும் சமமாக விழ வேண்டும். யார் கூறு எது என்று குலுக்கல். அந்தக் குலுக்கலை மேற்பார்வை பார்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாம் அரைத்து ஒரு மசாலா வரப்போகிறது என்று மூன்று நாளாகக் காத்திருந்தேன். வந்தது உப்புக்கறி. நல்லெண்ணெய், உரித்த சின்ன வெங்காயம், பூண்டு, களத்தில் காய்ந்த குண்டு மிளகாய் ஒரு கை, மஞ்சள், கல்லுப்பு, கறி. அவ்வளவுதான். மண்சட்டியில் மூடிபோட்டு ஒன்றரை மணி நேரம். மசாலா எங்கேங்க என்று கேட்டேன். "கறி நல்லாருந்தா மசாலா எதுக்கு? நாறுற கறிக்குத்தான் அம்புட்டும் போடணும்." சோற்றில் அந்த எண்ணெயை மட்டும் பிசைந்தே ஒரு சட்டி சாப்பிடலாம். சாப்பிட்டேன். கூடவே நாட்டுக்கோழிக் குழம்பு, கடைசியில் கவுனி அரிசி. கருப்பரிசியை ராத்திரியே ஊறப்போட்டு, வேகவைத்துக் குழைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும். ஊதா நிறத்தில் ஒரு இனிப்பு. பர்மாவுக்கு வட்டித்தொழிலுக்குப் போன செட்டியார்கள் கொண்டுவந்தது என்பார்கள். தாத்தா வழியாக இந்த வீட்டுக்கும் வந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கலவரம். சென்னை வாண்டுகள் யூடியூபில் பார்த்துவிட்டு, 24 நாட்டுக்கோழி முட்டையை அவித்து, வெங்காயச் சருகிலும் பீட்ரூட்டிலும் சாயம் ஏற்றித் தோட்டமெல்லாம் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு முட்டை சந்தையில் 15 ரூபாய். அப்பத்தா மனக்கணக்கில் 360 என்று வந்ததும் நெஞ்சில் கைவைத்தார். தேடிக் கிடைத்தது 19. மீதி ஐந்தைக் கீரி கொண்டுபோயிருக்கும் என்றார் சின்ன மாமா. "செட்டியாரு வீட்டுல முட்டைய ஒடைச்சுச் சுவத்துக்குப் பூசுனாக. நூறு வருசமா பளபளன்னு நிக்குது. நீங்க கீரிக்குப் பூசுங்க" என்றார் அப்பத்தா. 19 முட்டையும் குழம்பில் விழுந்தன. ஊதா முட்டை, காவி முட்டை.

மூன்றரை மணிக்கு மாதா டிவியில் ரோமாபுரி. போப் பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் மாடத்துக்கு வந்தார். குரல் எழும்பவில்லை. ஈஸ்டர் வாழ்த்தை இரண்டு வரி சொல்லிவிட்டு, செய்தியை வேறொருவர் வாசித்தார். பிப்ரவரி, மார்ச்சில் 38 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். அப்பத்தா அந்த 38 நாளும் தனிச் செபமாலை சொன்னாராம். "மூஞ்சி வீங்கியிருக்கு. தூங்கல அந்த மனுசன்" என்றார். அப்புறம் அவர் காரில் கூட்டத்துக்கு நடுவே வந்ததும், "வெயில்ல எதுக்கு இழுத்துக்கிட்டு அலையிறாக" என்று டிவியைப் பார்த்துத் திட்டினார்.

ராத்திரி மொட்டைமாடியில் மனைவி என் கைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டே, "கவனிச்சீங்களா, அப்பத்தா உங்களை நீ வா போங்குது" என்றாள். எப்போதிருந்து என்று கேட்டேன். "முப்பத்தெட்டாவது வாளியிலேர்ந்து."

21 ஏப்ரல், திங்கள்

மத்தியானம் சாப்பிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். டிக்கியில் இரண்டு கிலோ மிளகாய், புளி, கவுனி அரிசி, 11 தேங்காய் ஏறிவிட்டன. மெக்கானிக் வந்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி வாக்கில் ஒரு மச்சானின் போன் சத்தம் போட்டது, உடனே இன்னொன்று, அப்புறம் எல்லாம். போப்பாண்டவர் இறந்துவிட்டார்.

அத்தைகள் டிவி போட்டார்கள். அப்பத்தா பார்க்கவில்லை. உள்ளே போய், சனிக்கிழமை கோயிலிலிருந்து கொண்டுவந்த திரியை ஏற்றி வைத்துவிட்டு வந்தார். "நேத்துத்தானே கையக் காட்டுனாக" என்று தூணைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "வயசு எத்தனை?"

"எண்பத்தெட்டு அப்பத்தா" என்றான் முறுக்குக் கூட்டாளி, போனைப் பார்த்து.

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். மாமாக்கள் இருவரும் மோட்டாரோடு கிணற்றடியில் இருந்தார்கள். சாவி என்னிடம் வந்தது.

நானும் கூட்டாளியும் சிற்றாலயத்துக்கு நடந்தோம். சாவு மணிக்கு ஒரு பக்கம் மட்டும் படும்படி இழுக்க வேண்டும், அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சுவிடும் நேரம். கொப்புளம் உடைந்த கையில் கயிறு ஏறியது. அவன் எண்ணினான். அறுபதைத் தாண்டியபோது வாசலில் ஒரு டிவிஎஸ் 50 வந்து நின்றது. பின்னால் புல்லுக்கட்டு. ஓட்டி வந்தவர் இறங்காமலே கேட்டார்.

"எந்த வீட்டுலப்பா?"

"ரோமாபுரியிலங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கூட்டாளி விளக்கினான். அவர் தலைத்துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். "நல்ல மனுசனாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் விட்ட இடத்தைப் பிடிக்கப் பார்த்தோம். அறுபத்தொன்று என்றான் அவன், அறுபத்திமூன்று என்றேன் நான். பெரியவன் சொல்வது சரியாக இருக்கும் என்று என் கணக்கிலேயே முடித்துவிட்டு, பூட்டிக்கொண்டு வந்தோம்.

அப்பத்தா களத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், மிளகாய்க்கு நடுவில், கையில் செபமாலை. என் கையிலிருந்து சாவியை வாங்கப் போனவர் வாங்கவில்லை.

"எம்பத்தாறுதான் வந்துச்சு. ரெண்டு கொறையுது. போயி அடிச்சிட்டு வா."